யசிந்தாவின் போனுக்கு வந்து சேராத இரண்டு வரி

இயக்குநர் உங்களுக்குப் பொய் சொன்னார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களையெல்லாம் கூட்ட அறையில் இருத்தி, திரையில் படம் காட்டி, பச்சைப் பொய் சொன்னார். "ஒரு பராமரிப்பாளர் தன் பாஸ்வேர்டை இன்னொருத்திக்குக் கொடுத்தார். அதனால் ஒரு முதியவர் சாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் செயலியைத் திருத்தி எழுதினோம்" என்றாராம். பெயர் சொல்லவில்லை. ஆனால் பிரான்காச்சோப் பகுதி என்றார், இலங்கைப் பெண் என்றார், ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவள் என்றார். பலெர்மோவில் இதற்கு மேல் பெயர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது யசிந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, உங்கடை ஒபிசிலை என்னை வைச்சுப் பாடம் நடத்தினமாம்."

"எங்கடை ஒபிஸ் இல்லைத் தங்கச்சி. நான் ஓய்வெடுத்திட்டன்."

"நீங்கள் ஓய்வெடுத்தா உங்கடை வாய்க்கும் ஓய்வோ?"

எனக்கு அது உறைத்தது. அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவள் பார்த்துவந்த முதியவர் கொஞ்சக் காலத்துக்கு முன் தன் கட்டிலிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இப்போது வேலை செய்ய வேறு வீடு வேண்டும். வீடு ஒதுக்குகிற பெண்ணும் புதியவள், அந்தப் பாடத்தைக் கேட்டவள். "பாப்பம் எண்டு சொல்லுறாள் அண்ணை, என்ரை முகத்தைப் பாக்கிறாள் இல்லை" என்றாள் யசிந்தா. வீடு இல்லாவிட்டால் வேலை ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல், வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கக் குவெஸ்துராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் நிற்க முடியாது. அது முடிகிற காலமும் கிட்ட வந்துவிட்டது.

ஆகவே எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. உங்களில் எங்கடை பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள், தமிழ் வாசிப்பீர்கள். மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். இதையே இத்தாலிய மொழியிலும் எழுதி இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசினேன் என்று அவர் சொல்ல முடியாது.

வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஆட்களை அனுப்புகிற நிறுவனம் இது. உங்களுக்குத் தெரியும். அதற்குள் செயலி எழுதுகிற சின்னப் பிரிவில் நான் வேலை செய்தேன். பராமரிப்பாளர் ஒரு வீட்டின் கதவடியில் நின்று செயலியைத் திறப்பார். இன்றைக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு, எதைக் கவனிக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான் செயலியின் வேலை.

இப்போதைய இயக்குநர் அப்போது திட்ட மேலாளர். "எல்லாம் கையில் இருக்க வேண்டும்" என்பது அவருடைய வாசகம். அதனால் முதல் செயலி, திறந்தவுடன் எல்லாவற்றையும் இறக்கியது. அந்தப் பகுதியில் உள்ள எல்லா முதியவர்களின் விபரமும், ஆண்டுக்கணக்கான குறிப்புகளும், படுக்கைப் புண்களின் படங்களும். மேலாளரின் புதுப் போனில் அது ஓடியது. பிரான்காச்சோவின் மாடிக் குடியிருப்புகளில், சிக்னல் செத்துக் கிடக்கும் படிக்கட்டில், எங்கள் பெண்கள் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் இடம் காணாது என்று பிள்ளைகளின் படங்களை அழித்தார்கள். மேலாளரிடம் சொன்னபோது, "நல்ல போன் வாங்கச் சொல்லு" என்றார்.

இந்த நிலைமையில்தான் அந்த அம்மா எங்களுக்குத் தலைமைப் பொறியாளராக வந்தார். பெயர் எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் காப்போ என்று கூப்பிடுவோம், தலைவர் என்று அர்த்தம். பகேரியாவில் இருந்து ரயிலில் வருவார். வந்த முதல் கிழமையே கண்ணாடி வெடித்த ஒரு பழைய போனை எங்கேயோ வாங்கிவந்து, இனி எல்லாச் சோதனையும் இதில்தான் என்று மேசையில் போட்டார். எங்கள் மேசை லாச்சிக்குள் புதுப் போன்கள் வரிசையாக இருந்தன. லாச்சியைத் தள்ளி மூடிவிட்டுச் சொன்னார்:

"இந்தப் போன்கள் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை."

நான் இந்தத் தொழிலில் பல கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் மலிந்த சரக்கு. இந்த அம்மாவைப் போல ஒரே கேள்வியை விடாமல் கேட்ட இன்னொருவரை நான் பார்க்கவில்லை. கதவடியில் நிற்கிறவளுக்கு முதலில் என்ன வேண்டும்? யார் என்ன யோசனை கொண்டுபோனாலும் அதைத்தான் கேட்பார். முதலில் இன்றைய வீடுகள் மட்டும் வரட்டும். அதில் ஒன்றைத் தொட்டால் அந்த வீட்டின் விபரம் வரட்டும். பழைய குறிப்புகள் விரலால் தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். படம், தொட்டால் மட்டும். ஏற்கெனவே போனில் இருப்பதைத் திரும்ப இறக்காதே, மாறியதை மட்டும் கேள். இதெல்லாம் இன்றைக்கு உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். அன்றைக்கு மேலாளரோடு சண்டை பிடித்துத்தான் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டியிருந்தது. சண்டையை அவரே பிடித்தார். எங்களை முன்னால் தள்ளிவிடவில்லை.

புதுச் செயலி எல்லோருடைய போனுக்கும் போன அன்று பராமரிப்பாளர் அக்கா ஒருவர் எனக்கு அழைத்தார்.

"தம்பி, ஆப் முந்தியைப் போலை இல்லை. டக்கெண்டு வருது. ஏதும் பிழையோ?"

காப்போவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்க்கவில்லை.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். கவனமாக வாசியுங்கள், நீங்களும் இதையே செய்வீர்கள்.

மாறியதை மட்டும் அனுப்புவதென்றால், எதுவரைக்கும் கொடுத்துவிட்டோம் என்று, தகவலை வைத்திருக்கிற எங்கள் சேர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த அடையாளத்தை நாங்கள் ஆளின் பெயரோடு வைத்தோம். போனோடு வைக்கவில்லை. "ஒரு ஆள், ஒரு போன்" என்றார் மேலாளர். காப்போவும் ஒத்துக்கொண்டார். ஒரு ஆளின் பெயரில் இரண்டு போன் ஏன் இருக்கப்போகிறது?

ஏன் என்று எங்கள் ஆட்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பலெர்மோவில் நாங்கள் வேலை வீட்டை ஒரு நாளும் வெறுமையாக விடுவதில்லை. கலியாணத்துக்கோ செத்த வீட்டுக்கோ ஊருக்குப் போவதென்றால் மச்சாளையோ தங்கச்சியையோ அந்த வீட்டில் நிறுத்திவிட்டுத்தான் விமானம் ஏறுவோம். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது வீடு வேறொருவர் கையில் இருக்கும். வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அதற்குப் பெயர். சாவியைக் கொடுப்போம். வீட்டுக்கார சிஞ்ஞோராவுக்கு எந்தக் கதிரையை நகர்த்தினால் கோபம் வரும் என்று சொல்லிக் கொடுப்போம். செயலி வந்த பிறகு பாஸ்வேர்டையும் கொடுத்தோம். வீட்டுக்காரருக்குத் தெரியும். அலுவலகத்துக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தது.

பிறகு ஒருநாள் காப்போ என்னைக் கேட்டார்: "உனக்கு இந்தப் பழக்கம் தெரியும். ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

"இனிமேல் நான் கேட்காததையும் சொல்லு."

அந்த ஆகஸ்டில் யசிந்தா தமக்கையின் மகளின் கலியாணத்துக்கு மன்னாருக்குப் போனாள். போனும் அவளோடு போனது. அவளுடைய மச்சாள் பிரான்காச்சோ வீட்டில் நின்றாள். தன் சொந்தப் போனில் யசிந்தாவின் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தாள். இடையில் முதியவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து, விழுங்குவது கடினமாகிவிட்டது. மருத்துவர் அறிவுறுத்தலை மாற்றினார். இரண்டு வரிதான்: தண்ணீரை, அதற்கென்று உள்ள மா போட்டுத் தடிப்பாக்காமல் கொடுக்கக் கூடாது. நிமிர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு வரியும் மச்சாளின் போனுக்கு வந்தது. அவள் வாசித்தாள், அப்படியே செய்தாள். சேர்வர் என்ன எழுதி வைத்தது? யசிந்தாவுக்குக் கொடுத்தாயிற்று.

யசிந்தா திரும்பி வந்து தன் போனைத் திறந்தாள். எனக்குப் புதிதாக ஏதும் உண்டா என்று போன் கேட்டது. ஒன்றும் இல்லை என்றது சேர்வர். போன் தன்னிடம் இருந்த பழைய வரியைக் காட்டியது: காலை மருந்தோடு ஒரு கிளாஸ் தண்ணீர்.

மச்சாள் வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கலியாணக் கதையெல்லாம் கதைச்சனாங்கள் அண்ணை. இதை ஏன் கதைப்பான், ஆப்பிலை கிடக்குத்தானே?" என்றாள் மச்சாள். முதியவரின் மனைவியும் அப்படியே நினைத்திருந்தார். அந்தச் சொல்லை மறக்காதீர்கள். செயலி வேகமாக, ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நன்றாக வேலை செய்யச் செய்ய உங்கள் பிழையின் பாரமும் கூடுகிறது.

யசிந்தா தண்ணீர் கொடுத்தாள். முதல் மிடறிலேயே அவருக்குப் புரைக்கேறி முகம் நீலமாகிப்போனது. குசினியில் இருந்து மனைவி கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அவர் பிழைத்து வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் அன்று காலை அது யாருக்கும் தெரியாது.

யசிந்தாவை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மேலாளர் அதற்குள் சேர்வரைப் பார்த்து, ஒரு பெயரில் இரண்டு போன் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். விதி மீறல். எங்கள் பிழை இல்லை. அவளை நிறுத்திவிடலாம்."

யசிந்தா நன்றாக இத்தாலியன் கதைப்பாள். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. தமிழில் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் வாசிச்சனான் அண்ணை. ஒவ்வொரு நாளும் கதவடியிலை நிண்டு வாசிக்கிறனான். இஞ்சை பாருங்கோ. தண்ணி குடுக்கச் சொல்லித்தான் கிடக்கு. நான் பொய் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ."

காப்போ போனை வாங்கிப் பார்த்தார். தன் கணினியில் அதே வீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேலாளர் விதி எண், ஒப்பந்தப் பிரிவு என்று பேசிக்கொண்டே இருந்தார்.

"வாயை மூடு" என்றார் காப்போ. "அவள் வாசித்திருக்கிறாள். நாங்கள் அனுப்பவில்லை. அடையாளத்தைப் பெயரோடு வைத்தது என் முடிவு. இது என் பிழை."

அந்த அறையில் நான் நின்றேன், யசிந்தா நின்றாள், இப்போதைய இயக்குநர் நின்றார். மூன்று பேரும் கேட்டோம்.

பிழையை ஒத்துக்கொள்வது பெரிய விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறவர்களும் உண்டு. அந்த அம்மா அடுத்த மூச்சிலேயே கேட்டார்:

"ஆகஸ்ட் முடிந்துவிட்டது. ஊரில் இருந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள். இவள் ஒருத்திக்கு மட்டும்தானா?"

எத்தனை போனில் எந்த வீட்டின் பழைய வரி கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

மேலாளர் உடனே ஒரு வழி சொன்னார். எல்லாப் போனும் எல்லாவற்றையும் இந்தக் கணமே முதலில் இருந்து இறக்கட்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். எங்களில் பலர் தலையாட்டினோம். காப்போ மட்டும் மறுத்தார். காலை நேரம், எல்லோரும் ஏதோ ஒரு கதவடியில் நிற்கிறார்கள். எல்லாப் போனும் ஒன்றாகக் கேட்டால் சேர்வர் படுத்துவிடும். மலிவுப் போன்கள் பாதி வழியில் உறைந்துவிடும். "சிலருக்குப் பழைய தகவல் போயிருக்கிறது. நீ எல்லோருக்கும் ஒன்றுமே இல்லாமல் செய்யப் பார்க்கிறாய்" என்றார்.

பிறகு அவர் செய்த முதல் காரியத்தில் ஒரு வரி நிரலும் இல்லை. லீவில் போய் வந்த எல்லோருக்கும் தொலைபேசி எடுங்கள், மாறிய அறிவுறுத்தலை வாயால் வாசியுங்கள் என்றார். பொறியாளர், கணக்காளர், வாசலில் இருந்த பெண், எல்லோரும் எடுத்தோம். தமிழ் ஆட்கள் என் பங்கு. ஒவ்வொருவரும் என்னைக் கிண்டலடித்தார்கள்.

"என்ன தம்பி, உங்கடை ஆப் செத்துப்போச்சோ? எப்ப அடக்கம்?"

நகரின் ஓரத்துச் சியாகுல்லியில், மந்தாரின் தோடம்பழத் தோட்டத்து வீடொன்றில் வேலை செய்த ஒரு அக்கா முதல் நாள்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தார்.

"கெதியாச் சொல்லும் தம்பி, கிழவிக்குக் குளிசை குடுக்கவேணும். கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

"என்ன குளிசை?"

"வெள்ளை. இரத்தத்துக்கு."

"குடுக்காதேங்கோ! அதை டொக்டர் நிப்பாட்டியாச்சு."

மேசையில் குளிசையை வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இஞ்சை ஏன் குடுக்கச் சொல்லிக் கிடக்கு?" என்றார் அக்கா.

பிழை எங்களில்தான் என்றேன். ஆனால் குளிசை மேசையில் இருந்தது. மேலாளர் சொன்னபடி செய்திருந்தால் அந்த நேரம் அக்கா சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, சலித்துப்போய், வழக்கப்படி குளிசையைக் கொடுத்திருப்பார்.

அதன் பிறகுதான் திருத்தம். அங்கேயும் காப்போ எல்லாவற்றையும் உடைக்கவில்லை. பழைய குறிப்பும் படமும் போனில் பழையதாக இருந்தால் யாரும் சாகப்போவதில்லை, அதை அப்படியே விடுங்கள் என்றார். ஒரு வீட்டின் அறிவுறுத்தல் சில வரிதான், சிக்னல் செத்த இடத்திலும் அது நுழையும். அதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைக் காட்டுங்கள், ஆனால் மேலே சிவப்புப் பட்டி போட்டு, இது பழையது, வீட்டாரிடம் கேட்காமல் எதையும் கொடுக்காதே என்று எழுதுங்கள். அடையாளம் இனிப் போனுக்குப் போன். முதலில் பிரான்காச்சோவுக்கு அனுப்புங்கள், அங்கே ஓடினால் எங்கேயும் ஓடும். பெரிய தரவை வேகமாகக் காட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். எதைப் பிறகு கொண்டுவரலாம் என்று யாரும் சொல்வார்கள். எது ஒரு கணமும் பழையதாக இருக்கக் கூடாது என்று தெரிந்தவர்தான் பொறியாளர்.

அடுத்த ஞாயிறு அவர் பூசைக்குப் பிறகு எங்கள் தேவாலய மண்டபத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. முன்னால் போய் நின்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "யசிந்தா வாசித்தது நாங்கள் அனுப்பியதை. நாங்கள் அனுப்பியது பழையது. அவளில் பிழை இல்லை. இனிப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்குப் பதிலாக யார் நிற்கிறாரோ அவருடைய பெயரிலேயே செயலி திறக்க வழி செய்திருக்கிறோம்."

பின்வரிசையில் இருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப என்ரை மாமியையும் போடலாமோ?"

மொழிபெயர்த்தேன். "மாமியாருக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார் காப்போ.

"வாசிப்பா. வாசிச்சுப்போட்டு டொக்டரோடை சண்டைக்குப் போவா."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. யசிந்தாவும் சிரித்தாள்.

அன்றைக்கே பிரான்காச்சோ வீட்டுக்கும் ஏறிப் போனார். முதியவரின் மனைவி அவரைச் சிசிலியனில் கிழித்துத் தொங்கவிட்டார். காப்போ முழுவதையும் நின்று கேட்டார். முடிந்ததும் அந்த மனைவி சொன்னது: "சரி, யசிந்தாவை அனுப்பு. அவர் அவளைத்தான் தேடுகிறார்." அதிலிருந்து கடைசி நாள் வரைக்கும் முதியவரைப் பார்த்தவள் யசிந்தாதான். கவனமில்லாதவளை எந்த மனைவி திரும்ப வீட்டுக்குள் எடுப்பாள்?

மேலாளர் இயக்குநரானார். காப்போ எதுவாகவும் ஆகவில்லை, ஓய்வுபெற்றுப் பகேரியாவில் இருக்கிறார். போன கிழமை அவருக்கு அழைத்து, இங்கே என்ன பாடம் நடக்கிறது என்று சொன்னேன். "என்னைக் கேட்டால் சொல்வேன். இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை" என்றார்.

பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கள். ரயில் ஏறினால் பகேரியா தூரம் இல்லை.

இயக்குநரே, உங்களிடம் கேட்பது இது. யசிந்தாவுக்கு வீடு கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பதற்கு முன், அதே அறையில், அதே ஆட்களைத் திரும்பவும் இருத்துங்கள். வீடு ஒதுக்குகிற பெண்ணும் இருக்கட்டும், யசிந்தாவும் இருக்கட்டும். என்னைத் தனியாக அழைத்துச் சமாதானம் பேச வேண்டாம், நான் வரமாட்டேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அந்த இரண்டு வரியை யசிந்தாவின் போனுக்கு அனுப்பாமல் விட்டது அவளா, நாங்களா?